கல்லூரி மாணவர் பந்தயம் கட்டத் தொடங்குவது ஏன்? காரணம் அறிந்து கைகொடுப்பதற்கு ஒரு வழிகாட்டி

கல்லூரி விடுதியின் பொது அறையில் ஐபிஎல் ஆட்டம் பார்க்கும் கூட்டம் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல் இருப்பார். சென்னை அணி வென்ற இரவிலும் அவர் முகத்தில் மகிழ்ச்சி இராது. ஏனெனில் அவர் பணம் கட்டியது வெற்றி தோல்வியின் மீது அல்ல, முதல் ஆறு ஓவர்களில் எத்தனை ஓட்டம் வரும் என்பதன் மீது. அத்தகைய மாணவருக்கு அருகில் இருக்கும் பெற்றோர், வகுப்பு ஆலோசகர், விடுதிக் காப்பாளர், அறைத்தோழர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தாமே அதில் சிக்கியிருக்கும் மாணவர் படித்தாலும் பயன் உண்டு.

விவரம் வெளிப்பட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு விட்டாய்?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வருவது அரிது. 80,000 ரூபாய் விட்டவர் 20,000 என்பார், மீதி 60,000 ரூபாயை மீட்க மறுநாளே மீண்டும் கட்டுவார். கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவர் முதன்முதலில் எப்போது, யாருடன், எதற்காகக் கட்டினார் என்பதே. அந்தப் பதிலில்தான் காரணம் இருக்கிறது. காரணத்துக்கு ஏற்பவே உதவியும் மாறும்.

முதல் பந்தயத்தின் கதையைக் கேளுங்கள்

பெரும்பாலான கதைகள் பணத்தில் தொடங்குவதில்லை. தோற்கும் அணியின் ரசிகர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும் என்று நண்பர்கள் பேசிக்கொள்வதில் தொடங்கும். அடுத்த ஆட்டத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய் என்றாகும். பிறகு கூட்டத்தில் ஒருவர், "என்னிடம் ஐடி இருக்கிறது" என்பார். ஐடி என்பது வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளத்தில் நுழைவதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும். அதை ஒரு முகவர் வாட்ஸ்அப் வழியாகத் தருவார். பணத்தை யாரோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு யூபிஐ மூலம் அனுப்பச் சொல்வார். முந்தைய காலத்தில் புக்கி ஒருவரிடம் பந்தயம் கட்ட வேண்டுமானால் அவரைத் தெரிந்தவர் ஒருவரின் துணை தேவைப்பட்டது, அச்சமும் கூச்சமும் இருந்தன. இப்போது விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டே தேநீருக்குப் பணம் அனுப்புவதுபோல 100 ரூபாயை அனுப்பிவிடலாம்; தடுத்து நிறுத்த எதிரே ஒரு முகம்கூட இல்லை.

மாணவர் தாம் செய்வது சூதாட்டம் என்றே எண்ணாதிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று இறுதியாண்டில் இருப்பவர் பள்ளியில் படித்த காலம் முதல், கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டும் செயலிகளின் விளம்பரங்களில் முன்னணிக் கிரிக்கெட் வீரர்களையே பார்த்து வளர்ந்தவர். அத்தகைய நிறுவனம் ஒன்றின் பெயர் இந்திய அணியின் சட்டையிலேயே 2025 ஆகஸ்ட் வரை இருந்தது. இது திறமை விளையாட்டே என்ற வாதம் நீதிமன்றங்களில் பலமுறை எடுபட்டும் இருக்கிறது. இவ்வளவையும் பார்த்து வளர்ந்த இருபது வயது இளைஞரிடம் "சூதாடுகிறாயா?" என்று கேட்டால், அவர் மனமாரவே "இல்லை" என்பார். ஆகவே அவருடைய சொல்லையே பயன்படுத்துங்கள், "பெட் கட்டினாயா?" என்று கேட்டால் பதில் வரும்.

விடுதி வாழ்க்கையும் ஒரு காரணம் என்பதைப் புறத்தே இருந்து ஒரு சான்று காட்டுகிறது. அமெரிக்காவில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி அளிக்க வழி திறந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023-இல், அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ நடத்திய ஆய்வில், 18 முதல் 22 வயதுக்குட்பட்டவர்களில் 58 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகை விளையாட்டுப் பந்தயத்தில் ஈடுபட்டிருந்தனர். வளாகத்திலேயே தங்கிப் படிப்பவர்களில் அது 67 விழுக்காடாக இருந்தது. சட்டமும் நாடும் வேறு என்றாலும், ஒரே கூரையின் கீழ் ஒரே வயதினர் கூடியிருக்கும் இடத்தில் பழக்கம் எளிதில் தொற்றுகிறது என்பது இங்கும் பொருந்தும்.

பணத்தேவையைப் பற்றிச் சற்று நிதானமாக எண்ண வேண்டும். "பேராசை" என்ற ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர் பலருக்கு மாதக் கடைசியில் வீட்டில் பணம் கேட்பது கூச்சமாக இருக்கிறது. மெஸ் கட்டண நிலுவையையும் அரியர் தேர்வுக் கட்டணத்தையும் தாமே சமாளித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில், 500 ரூபாயை 1,000 ஆக்கப் பார்ப்பார்கள். வேறு சிலருக்கு நண்பரின் பைக்கும் கைப்பேசியும் கண்ணை உறுத்துகின்றன. இவ்விரண்டும் ஒன்றல்ல, முதல் வகையினருக்கு, வீட்டில் வெட்கமின்றிக் கேட்கக்கூடிய ஒரு சிறு மாதத்தொகையே பாதி மருந்தாகும்.

பெற்றோர் கவனிக்கத் தவறும் காரணம் ஒன்று உண்டு. சில மாணவர்கள் பந்தயம் கட்டுவதைவிட ஆள் சேர்ப்பதில்தான் சம்பாதிக்கிறார்கள். நண்பர்களுக்கு ஐடி வாங்கிக் கொடுத்தால், அவர்கள் இழக்கும் பணத்தில் ஒரு பங்கு கமிஷனாக வரும். மகன் திடீரெனக் கையில் பணத்துடன் நடமாடினால், அவர் வென்றிருக்கிறார் என்று எண்ணுவதற்கு முன் இதையும் விசாரியுங்கள்.

"எனக்குக் கிரிக்கெட் தெரியும்" என்ற நம்பிக்கையைக் கணக்கால் எதிர்கொள்ளுங்கள்

எல்லாக் காரணங்களிலும் வலுவானது இதுதான். சீட்டாட்டத்தில் தோற்றவர் தன் நேரத்தை நொந்துகொள்வார். கிரிக்கெட்டில் தோற்றவரோ தன் கணிப்பில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது, அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று நம்புவார். ஒவ்வொரு வீரரின் சராசரியையும் மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கு அந்த அறிவு ஒரு முதலீடாகவே தோன்றுகிறது. அறிவுரை இங்கே எடுபடாது. ஒரு தாளும் பேனாவும் எடுபடும்.

சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதுவதாகக் கொள்ளுங்கள். பந்தயத் தளம் இரண்டு அணிகளுக்கும் 1.90 என்ற விகிதத்தைத் தருகிறது. அதாவது 100 ரூபாய் கட்டி வென்றால், கட்டிய பணமும் சேர்த்து 190 ரூபாய் வரும். ஒருவர் ஓர் அணிக்கும் மற்றொருவர் எதிரணிக்கும் ஆளுக்கு 100 ரூபாய் கட்டினால், தளத்துக்கு வருவது 200, வெளியே போவது 190. யார் வென்றாலும் தளத்துக்கு 10 ரூபாய் நிச்சயம். இதன்படி, பாதிக்குப் பாதி சரியாகக் கணிப்பவர் நட்டத்தில்தான் இருப்பார். நூற்றுக்கு 53 முறையாவது சரியாகக் கணித்தால்தான் கைப்பணம் கரையாமல் நிற்கும்.

நூற்றுக்கு ஐந்து ரூபாய்தானே என்று மாணவர் சொல்லக்கூடும். அவர் ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறை கட்டுபவராக இருந்தால் அது சிறு தொகைதான். ஆனால் செஷன் என்று சொல்லப்படும் ஓவர் கணக்குப் பந்தயங்களில் ஒரே இரவில் இருபது முறை கட்ட முடியும். ஒவ்வொரு முறையும் 1,000 ரூபாய் என்றால் கட்டிய மொத்தம் 20,000. அதில் ஐந்து விழுக்காடு 1,000. சராசரிக் கணக்கில், அந்த ஒரே இரவில் 1,000 ரூபாய் போய்விடுகிறது. ஐபிஎல் பருவத்தில் 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு 74 ஆட்டங்கள் நடந்தன என்பதையும் அதனுடன் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து ஆட்டங்களைக் கோத்து ஒரே பந்தயமாகக் கட்டுவது மாணவர்களிடையே பெரும் கவர்ச்சி. 100 ரூபாய்க்கு 2,476 ரூபாய் கிடைக்கும் என்று திரை காட்டும். ஆனால் சம பலமுள்ள ஐந்து ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 32-இல் ஒன்று. நியாயமாகக் கொடுப்பதானால் 3,200 ரூபாய் கொடுக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஐந்து விழுக்காடாக இருந்த தளத்தின் பங்கு இங்கே 22 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது.

சேப்பாக்கம் ஆடுகளம் சுழற்பந்துக்குச் சாதகமானது என்பது மாணவருக்குத் தெரிந்ததுபோலவே விகிதத்தை நிர்ணயிப்பவருக்கும் தெரியும். அந்த அறிவு விகிதத்துக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதோடு, கைப்பேசியில் வரும் நேரலை மைதானத்தில் நடப்பதைவிடப் பல நொடிகள் பிந்தியே வருகிறது. மாணவர் பார்த்துக்கொண்டிருக்கும் பந்து வீசி முடிக்கப்பட்ட ஒன்று. அதற்குப் பிறகான விகிதத்தில்தான் அவர் கட்டுகிறார். பொறியியல், புள்ளியியல் மாணவர்களிடம் இந்த ஒரு செய்தி ஏற்படுத்தும் மாற்றத்தை நான் கண்டிருக்கிறேன். தோற்றதைவிட ஏமாந்தோம் என்பதுதான் அவர்களுக்குச் சுடுகிறது.

நுழைந்த காரணம் வேறு, நீடிக்கும் காரணம் வேறு

பரோட்டாவுக்காகத் தொடங்கியவர் பரோட்டாவுக்காகத் தொடர்வதில்லை. எப்போது வரும் என்று தெரியாத வெகுமதி, தவறாமல் வரும் வெகுமதியைவிட ஆழமாகப் பழக்கத்தை வேரூன்றச் செய்யும் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. கடைசிப் பந்தில் ஒரே ஓட்டத்தில் தவறிப்போன பந்தயம், முழுத் தோல்வியாக மனத்தில் பதியாமல் "கிட்டத்தட்ட வென்றுவிட்டேன்" என்றே பதிகிறது. இவற்றுக்கு மேல் "விட்டதைப் பிடிக்க வேண்டும்" என்ற எண்ணம் வந்து அமர்ந்தால், பந்தயம் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று கொள்ளுங்கள். ஐபிஎல் ஆட்டம் இரவு பதினொரு மணியளவில் முடிந்த பிறகும், பெயர் தெரியாத அயல்நாட்டு அணிகளின் ஆட்டங்களில் விடியும்வரை கட்டிக்கொண்டிருப்பவர் கிரிக்கெட் அறிவை நம்பிக் கட்டவில்லை.

நிலையை அறிய மருத்துவ உலகில் இரண்டே கேள்விகள் கொண்ட எளிய சோதனை ஒன்று வழக்கத்தில் இருக்கிறது. முன்பைவிட அதிகமாக, மேலும் அதிகமாகக் கட்ட வேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு கட்டினீர்கள் என்பது பற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? இவற்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்று பதில் வந்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. சூதாட்டக் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013 முதல் போதை அடிமைத்தனத்தின் வரிசையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

பேசும் இடமும் நேரமும்

ஆட்டம் நடக்கும் மாலையில் பேசாதீர்கள். தந்தை, தாய், மாமா, சித்தப்பா எனக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து விசாரிப்பதும் பயன் தராது. அவையில் நிறுத்தப்பட்டவர் தற்காப்புக்காகப் பொய்தான் சொல்வார். ஒருவர் மட்டும், முடிந்தால் நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ, முகத்துக்கு நேரே பாராமல் பேசுவது எளிது. "தம்பி, எவ்வளவு போனது என்று கேட்க வரவில்லை. முதல் தடவை யாருடன், எந்த மேட்ச்சுக்குக் கட்டினாய் என்று மட்டும் சொல்" என்று தொடங்கினால், தொகை தானாகவே பின்னால் வரும். முதல் நாளில் சொல்லும் தொகை முழுமையாக இராது என்பதை எதிர்பார்த்தே இருங்கள். இரண்டாம் முறை உயர்த்திச் சொல்லும்போது கோபப்பட்டால் மூன்றாவது உண்மை வெளியே வராது. அறைத்தோழராக இருப்பவர் கடன் கொடுக்க மறுப்பதையும் நட்பை முறிப்பதையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டாம். பணம் தர மாட்டேன், உன்னுடன் ஆலோசகரிடம் வருகிறேன் என்று சொல்லலாம்.

பணம் போகும் வழியை அடைப்பது

முதலில் கடன்களை எழுதச் சொல்லுங்கள். நண்பர்களிடம் வாங்கிய கைமாற்று, கடன் செயலிகள், அடகுக் கடையில் இருக்கும் அம்மாவின் நகை, முகவருக்குத் தர வேண்டிய பாக்கி என நான்கு பகுதிகளாகப் பிரித்தால் எதையும் மறைக்க இடம் குறையும். கோபத்திலோ பாசத்திலோ முழுத் தொகையையும் ஒரே நாளில் மாணவர் கையில் கொடுத்து அடைக்கச் சொல்வது, பெற்றோர் செய்யும் பிழைகளில் மிகச் செலவுமிக்கது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியேனும் விட்டதைப் பிடிக்கப் போய்விடும். கல்லூரிக் கட்டணத்தையும் மெஸ் கட்டணத்தையும் நேரடியாகச் செலுத்துங்கள். கடன்களையும் நீங்களே கடன் கொடுத்தவருக்கு, தவணையாக, மாணவர் அறியச் செலுத்துங்கள்.

முகவருக்கான பாக்கி மட்டும் தனி. பந்தயத்தின் அடிப்படையிலான ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. மிரட்டல் வந்தால், பயந்து பணம் கொடுக்காமல் செய்திகளைச் சேமித்து வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கடன் செயலிகள் தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு உறவினருக்கெல்லாம் அவதூறுச் செய்தி அனுப்பினால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது பயனற்றது. பாடக் குறிப்பு முதல் வருகைப் பதிவு வரை எல்லாம் அதில்தான் இருக்கின்றன, நண்பரின் கைப்பேசி எப்போதும் அருகில் இருக்கிறது. அதற்குப் பதிலாக, டிப்ஸ் தரும் டெலிகிராம் குழுக்களிலிருந்து உங்கள் முன்னிலையில் விலகச் செய்வது, முகவர்களின் எண்களைத் தடை செய்வது, யூபிஐ பரிவர்த்தனையின் உச்சவரம்பை வங்கியில் குறைத்துக்கொள்வது, மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கு அறிக்கையைச் சேர்ந்து பார்ப்பது ஆகியவற்றைச் செய்யுங்கள். அறிக்கையில் அறிமுகமில்லாத தனிநபர் பெயர்களுக்கு முழு நூறுகளிலும் ஆயிரங்களிலும் இரவு நேரத்தில் பணம் போயிருந்தால் அதுவே தடயம்.

முகவர்கள் மாணவரின் வங்கிக் கணக்கையே வாடகைக்குக் கேட்பதுண்டு. கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்தால் மாதம் இவ்வளவு என்பார்கள். இது இழப்பைவிட ஆபத்தானது. அந்தக் கணக்கின் வழியே எங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம் சென்றிருந்தால், கணக்கு முடக்கப்படுவதோடு வேறு மாநிலக் காவல்துறையின் அழைப்பும் மாணவரின் பெயருக்கே வரும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அழைப்பு வரும்வரை காத்திராமல் வங்கிக் கிளைக்குச் சென்று எழுத்துமூலம் தெரிவித்துக் கணக்கை நிறுத்தச் செய்யுங்கள். ஒரு வழக்கறிஞரையும் உடனே கலந்தாலோசியுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்ட இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. இணையத்தில் சூதாடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே நீக்கி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடை செய்தது. அதில் தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் உரியது. அதன் பின் உள்நாட்டுக் கற்பனை அணிச் செயலிகள் பணப்போட்டிகளை நிறுத்திவிட்டன. ஐடி கொடுக்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கு இந்தச் சட்டங்களின் மீது அச்சம் குறைவு. அங்கே வென்ற பணத்தைத் தராமல் ஏமாற்றினாலும் மாணவரால் எங்கும் முறையிட முடியாது. மாணவரிடம் சட்டத்தைப் பற்றிப் பேசுவதானால், சிறையைக் காட்டி மிரட்டுவதைவிட இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்வது மேல்.

மருத்துவ உதவி

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணமில்லை. மாநில அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகச் சென்று பார்க்கலாம். கடன் சுமையில் இருக்கும் மாணவர் வாழ்வதில் பொருளில்லை என்ற வகையில் பேசினாலோ, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாலோ, அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். கடனைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு அந்த எண்ணை உடனே அழையுங்கள்.

விட்ட பிறகும் மீண்டும் கட்ட நேரலாம், பெரும்பாலும் அடுத்த பருவத்தின் முதல் வாரத்தில். ஐபிஎல் மார்ச் இறுதியில் தொடங்கி மே வரை நீள்கிறது. செமஸ்டர் தேர்வுகளும் அதே மாதங்களில்தான் வருகின்றன. ஆகவே பிப்ரவரியிலேயே உட்கார்ந்து பேசி வையுங்கள்: முதல் ஆட்டத்தை எங்கே, யாருடன் பார்ப்பார், அன்று மாலை கைப்பேசி யாரிடம் இருக்கும், கட்டத் தோன்றினால் யாரை அழைப்பார். அழைப்பு வரும்போது எடுப்பவர் பதினொரு மணிவரை விழித்திருக்க வேண்டும்.